இருக்கையும் உறவும்: பல்கலைக்கழக மாணவர் நிலையம் பற்றிய சில சிந்தனைகள்

பல்கலைக்கழகக் கல்வி விரிவுரை மண்டபத்திலும் நூலகத்திலும் மாத்திரம் நிறைவெய்துவதில்லை என்பது நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. அதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் அவ்விரண்டுக்கும் புறம்பான மாணவர் வாழ்வு எங்கே நிகழ்கின்றது, அது நிகழ்வதற்கு எத்தகைய இடத்தை ஒதுக்கியுள்ளோம் என்று வினவும்போது தெளிவான விடை கிடைப்பதில்லை. மாணவரிடையே பழக்கம் குறைந்துவிட்டது, விரிவுரை முடிந்ததும் யாவரும் கலைந்துவிடுகின்றனர், ஒரு பீடத்தார் மற்றப் பீடத்தாரை அறியார் என்னும் குறைகள் கேட்கின்றன. இவற்றுக்குப் பரிகாரமாக மாணவர் நிலையமொன்றைக் கட்டவேண்டும், அன்றேல் இருப்பதைத் திருத்தியமைக்கவேண்டும் என்ற கோரிக்கையும் எழுகின்றது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் எத்தகைய நிலையம் வேண்டும் என்ற சிந்தனை அதனுடன் சேர்ந்து எழுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலை முதன்மையாகக் கொண்டு அச்சிந்தனையைத் தொடக்கிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவர் நிலையம் என்றதும் நம்மிற் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஒரு மண்டபம். அதன் ஒரு முனையில் மேடை, எதிரே வரிசையாகக் கதிரைகள், ஒரு புறத்தே ஒன்றியத்தின் அலுவலக அறை, அதற்கொரு பூட்டு, மறுபுறத்தே சிற்றுண்டிச்சாலை. கூட்டம் உள்ள நாளில் மண்டபம் நிறையும். ஏனைய நாட்களில் வெறிதே கிடக்கும். இவ்வமைப்பு நிகழ்ச்சிகளுக்காக வகுக்கப்பட்டது, பழக்கத்திற்காக வகுக்கப்பட்டதன்று. நிகழ்ச்சிக்கு வருவோர் அனைவரும் ஒரே திசையை நோக்கி அமர்வர். ஒருவர் முகத்தை மற்றவர் பாரார். சமூக வாழ்வு என்பது பெரிதும் காரணமின்றி ஓரிடத்தில் இருத்தலாலும், எதிர்பாராது சந்தித்தலாலும், மீண்டும் மீண்டும் காண்பதாலும் விளைவது. அதற்கு இடந்தராத கட்டடம் எவ்வளவு பெரிதாயினும் மாணவர் நிலையமெனப் பெயர் பெறத்தக்கதன்று.

இக்குறையின் வேர் நமது வளாகத்தின் வரலாற்றிலும் ஓரளவு உள்ளது. 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியிலே திறந்துவைக்கப்பட்டபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களே அதன் தொடக்க இல்லமாயின. விஞ்ஞானக் கற்கைகள் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலில் ஆரம்பமாயின. பேராசிரியர் க. கைலாசபதி வளாகத்தின் முதற்றலைவராகவும், 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமான போது பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதற்றுணைவேந்தராகவும் விளங்கினர். ஆக, ஒரு பாடசாலையின் உடலிலே ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர் புகுந்தது எனலாம். பாடசாலைக் கட்டடம் மணியோசைக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. மணியடித்ததும் வகுப்புக்குச் செல்லவும், மீண்டும் மணியடித்ததும் வீட்டுக்குச் செல்லவும் அது வழிசெய்யும். இடையிலே தங்கியிருத்தல் அங்கே ஒழுங்கீனம். பின்னர் பீடங்கள் பெருகின, கட்டடங்களும் பெருகின. மருதனார்மடம், கைதடி, கிளிநொச்சி அறிவியல்நகர் எனக் கற்கைகள் பரந்தன. எனினும் தங்கியிருத்தல் என்பதனை ஒரு தேவையாகக் கருதித் திட்டமிடும் வழக்கம் அந்தப் பெருக்கத்துடன் ஒத்து வளரவில்லை.

பேராதனையுடன் ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். சேர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்திலே, 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, அது விடுதிவாழ்வை அடிப்படையாகக் கொண்ட பல்கலைக்கழகமாகவே கருதப்பட்டது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக முதலிய விடுதிகளும், மகாவலிக்கரையும், மலைச்சரிவும் மாணவரை ஒருவரோடொருவர் வாழவைத்தன. அச்சூழலிலேதான் 1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’யும், 1960களில் வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு தயாரித்த ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகிய கூத்துக்களும் தோன்றின. கூத்து ஓரிரவு மேடையேறுகின்றது. அதற்கு முன்னர் பல மாதங்கள் ஒத்திகை நடக்கின்றது. ஒத்திகைக்கு வேண்டியது மாலைப்பொழுதும், ஒன்றாயிருத்தலும், கலைந்து செல்ல அவசரமின்மையுமாகும். யாழ்ப்பாண மாணவரிற் பலர் வீட்டிலிருந்தோ வாடகை அறையிலிருந்தோ சைக்கிளிலும் பேருந்திலும் வந்து செல்வோர். விடுதி இயல்பாகத் தரும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஆதலின், பேராதனையில் மாணவர் நிலையம் ஒரு வசதியாகலாம். யாழ்ப்பாணத்திலோ அது இன்றியமையாததொன்றாகும்.

அவ்வாறாயின் அதன் வடிவத்துக்கு எங்கிருந்து முன்மாதிரி தேடுவது? முதலில் நமது வாசலையே நோக்கலாம். யாழ்ப்பாணத்தவர் காரணமின்றிக் கூடியிருப்பதற்கெனச் செம்மையான கட்டட மரபொன்றை வளர்த்தவர்கள். நாற்சார் வீட்டின் திண்ணையும் தலைவாசலும், கூரையிட்டு இருபுறமும் இருக்கை அமைத்து வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப்பானை வைத்த சங்கடப்படலையும், கோயில் வீதியின் மடங்களும், சுமைதாங்கியும் அதன் சான்றுகள். பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் வீதிக்கு மேலேயே கூரை வேய்ந்து, இருமருங்கும் திண்ணை கட்டி, செல்வோரை நிழலால் நிறுத்தும் அரிய அமைப்பு. இருபதாம் நூற்றாண்டிலே வாசிகசாலையும் சனசமூக நிலையமும் இவ்வரிசையிற் சேர்ந்தன. ஒரு பத்திரிகையைப் பலர் பகிர்ந்து வாசித்து, வாசித்ததைப் பற்றித் தர்க்கித்த விறாந்தைகள் அவை. இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இவை முற்றாக உள்ளும் அல்ல, முற்றாக வெளியும் அல்ல. இங்கு அமர்வோன் வந்த காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை. பேசலாம், பேசாதும் இருக்கலாம், எழுந்து போவதற்கு எவரிடமும் விடைபெற வேண்டியதுமில்லை.

இம்மட்டில் நிறுத்திக்கொண்டு, திண்ணையைப் போற்றிப் பழமைக்குத் திரும்புவோம் என்று கூறுவது எளிது. நமது பண்பாட்டுக் கட்டுரைகள் பல அவ்வாறே முடிகின்றன. ஆனால் திண்ணையின் வடிவத்தைப் பற்றிப் பேசுவோர் திண்ணையின் விதியையும் பேசக் கடமைப்பட்டவர்கள். திண்ணை யாவருக்கும் உரியதாய் இருந்ததில்லை. அதிலே யார் அமரலாம், யார் முற்றத்தில் நிற்கவேண்டும், யார் படலைக்கு அப்பாலேயே நிற்கவேண்டும் என்பவற்றைச் சாதி தீர்மானித்தது. பெண்கள் அதன் பின்னால், உள்வீட்டில் இருந்தனர். வந்தவனை வரவேற்ற அதே கட்டடம் வரக்கூடாதவனை இனங்காட்டவும் பயன்பட்டது. யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றிலே இருக்கை என்பது வெறும் தளபாடமன்று. அது உரிமைப் போராட்டத்தின் களமாக இருந்துவந்துள்ளது.

இதனை மூன்று கட்டங்களிற் காணலாம். 1920களின் இறுதியிலே உதவிபெறும் பாடசாலைகளிற் சமஆசனம், சமபோசனம் என்பன வற்புறுத்தப்பட்டபோது, அதுவரை நிலத்திலே இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கிலே ஏறி அமர்வதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டமையும் உண்டு. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இயக்கம் இவ்விடயத்திற் சமத்துவத்தின் பக்கம் நின்றது. மாணவர் இயக்கமொன்றே இருக்கை பற்றிய வினாவை எழுப்பியதென்பது நமது கவனத்துக்குரியது. அடுத்து, 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் பின்னரும் தேநீர்க்கடைகளிற் சமமாக அமர்ந்து சமமான குவளையில் அருந்தும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அதன் தொடர்ச்சி. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) இப்போராட்டங்களை நாவலிலே பதிவு செய்தது. ஓர் இருக்கையில் ஒருவர் அமர்வதற்கு இத்துணை விலை கொடுக்கப்பட்ட மண்ணிலே, மாணவர் நிலையத்தின் இருக்கை பற்றிய வினா அற்பமானதாக இருக்க முடியாது.

இன்றைய பல்கலைக்கழகத் திண்ணைக்கு உரிமையாளர் இல்லையா எனின், உளர். இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே குறித்த மரத்தடி குறித்த வருட அணிக்குரியது. குறித்த மேசையில் புதுமுக மாணவர் அமரலாகாது. சிற்றுண்டிச்சாலையின் குறித்த பகுதிக்கு அவர் செல்லலாகாது என்னும் எழுதாச் சட்டங்கள் நெடுங்காலம் நிலவி வந்துள்ளன. பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. எனினும் இடத்தின்மீது கொள்ளும் இவ்வதிகாரம் சட்டத்தின் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதன்று. சாதியின் பேரால் வகுக்கப்பட்ட இருக்கை ஒழுங்கை எதிர்க்கும் நாவல்களை விரிவுரை மண்டபத்திலே கற்றுவிட்டு, வெளியே வந்து மூப்பின் பேரால் வேறோர் இருக்கை ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நமது கல்வியின் பெரிய முரண்பாடாகும். திண்ணையின் வடிவத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதன் விதியை எடுத்துக்கொள்ளலாகாது. உரிமையாளன் இல்லாத திண்ணையே நமக்கு வேண்டியது.

வெளியுலக அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே 1919இல் திறக்கப்பட்ட ஹாற் ஹவுஸ், மாணவர் நிலையங்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று. நூலகம், நாடக அரங்கு, உணவு மண்டபம், இசை அறை யாவும் அதிலுண்டு. ஆயினும் பெண்கள் அதில் முழு உறுப்புரிமை பெற்றது 1972இலேயே. அரை நூற்றாண்டுக்கு மேலாக, பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியினரைச் சிறப்பாக ஒன்றுசேர்த்த அக்கட்டடம் மறுபகுதியினரைச் சிறப்பாகப் புறத்தே நிறுத்தியது. நல்ல கட்டடம் தானாகவே நல்ல சமூகத்தை உருவாக்கிவிடும் என்று நம்புவோருக்கு இது போதிய மறுமொழியாகும்.

அதேவேளை, கட்டடத்தால் ஆவது ஒன்றுமில்லை என்பதும் பொருந்தாது. அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைற், நியூயோர்க் நகரின் சிறு சதுக்கங்களிலே மக்கள் நடத்தையைப் படம்பிடித்து அவதானித்து, 1980இல் நூலாக வெளியிட்டார். அமர்வதற்கு இடமுள்ள இடத்திலேயே மக்கள் அமர்கின்றனர் என்பது அவர் முடிவுகளுள் ஒன்று. கேட்பதற்கு இது நகைப்புக்குரியதாய்த் தோன்றலாம். ஆனால் பல சதுக்கங்கள் அழகுக்காகக் கட்டப்பட்டு, அமர்வதற்கு இடமின்றி இருந்தமையை அவர் எடுத்துக்காட்டினார். நகர்த்தக்கூடிய கதிரையை மக்கள் விரும்புவதையும், அமருமுன் அதனைச் சிறிதேனும் நகர்த்துவதையும் அவர் குறித்தார். அச்சிறு நகர்வு, இவ்விடம் எனக்கும் உரியது என்று ஒருவர் உணர்வதன் அடையாளம். கிறிஸ்ரோபர் அலெக்சாண்டரும் அவர் குழுவினரும் ஒறிகன் பல்கலைக்கழகத்துக்கென வகுத்து 1975இல் வெளியிட்ட திட்டம் மற்றொரு பாடத்தைத் தருகின்றது. பயன்படுத்துவோரே திட்டமிடலிற் பங்குகொள்ளல், பெருங்கட்டடம் ஒன்றை ஒரே முறையிற் கட்டாது சிறு திருத்தங்களாக வளர்த்தல், எந்த இடம் உயிரோடிருக்கின்றது எது செத்துக் கிடக்கின்றது என்று காலத்துக்குக் காலம் ஆராய்தல் என்பன அதன் கொள்கைகள். நிதி வளம் குறைந்த நமக்கு, சிறிது சிறிதாகத் திருத்துதல் என்னும் கொள்கை பெரிதும் பொருந்தும்.

நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு வேண்டின், 1980களில் ஜெவ்ரி பாவா மாத்தறையில் வடிவமைத்த உருகுணைப் பல்கலைக்கழகத்தைக் கூறலாம். குன்றுகளின் சரிவிலே சிறு சிறு கட்டடங்களாக அது பரந்து, நிழல் தரும் நடைபாதைகளாலும் படிகளாலும் முற்றங்களாலும் இணைக்கப்பட்டது. அங்கே ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியே நின்று பேசும் இடமுமாகின்றது. சமூக வாழ்வுக்கென ஒதுக்கிய ஒரு மண்டபத்தைவிட, வளாகம் முழுவதும் பரவிய நிழல் இப்பணியை நன்கு செய்யும் என்பதற்கு அது சான்று.

இனி, யாழ்ப்பாணத்தின் இன்றைய நிலைமைக்கு வருவோம். இன்று இப்பல்கலைக்கழகத்திலே தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் பயில்கின்றனர். 2016 யூலை 16ஆந் திகதி, விஞ்ஞான பீடப் புதுமுக மாணவர் வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது தொடர்பாக எழுந்த பிணக்கு தமிழ், சிங்கள மாணவரிடையே மோதலாக முடிந்தது. அதன் காரணங்கள் வளாகத்துக்கு அப்பாலும் செல்வன. போரின் இழப்பும் அதிகாரம் பற்றிய ஐயமும் அதன் பின்புலத்திலுண்டு. நல்ல விறாந்தையொன்று இருந்திருப்பின் மோதல் நிகழ்ந்திராது என்று கூறுவது பேதைமை. ஆயினும் ஒன்றை அவதானிக்கலாம். நாளாந்த வாழ்விலே ஒரே மேசையிலிருந்து தேநீர் அருந்தாதவர்கள், ஆண்டுக்கொருமுறை ஒரே மேடையிலே சந்திக்கும்போது, அம்மேடை முழுவதும் குறியீடுகளால் நிறைந்துவிடுகின்றது. எந்த நடனம் முதலில், எந்த மொழி முன்னே என்பன உயிர்போகும் வினாக்களாகின்றன. மேடை உறவின் விளைவாக அமையவேண்டும். உறவை உண்டாக்கும் பொறுப்பு முழுவதையும் அதன்மீது சுமத்தலாகாது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர் ஊரூராகக் கொண்டுசென்றபோது அது பெற்ற வலிமை, மாணவர் ஒருவரோடொருவர் கழித்த நாட்களிலிருந்து பிறந்ததேயன்றி மண்டபத்தின் அளவிலிருந்து பிறந்ததன்று.

எனவே மாணவர் நிலையத்தைத் திருத்தியமைப்போர் கருத்திற் கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறலாம். முதலாவது, அது வளாகத்தின் ஒதுக்குப்புறத்தில் அமையலாகாது. நூலகத்துக்கும் விரிவுரை மண்டபங்களுக்கும் செல்லும் பாதைகள் சந்திக்கும் இடத்திலே, போகிற போக்கில் எட்டிப்பார்க்கக்கூடியதாக அமைதல் வேண்டும். இரண்டாவது, உள்மண்டபத்தைச் சிறிதாக்கி விறாந்தையை அகலமாக்குதல் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலே காற்றோட்டமும், மாரியிலே வாடையின் சாரலிலிருந்து மறைவும் கிடைக்குமாறு கூரை தாழ இறங்கவேண்டும். விறாந்தையின் ஓரம் கம்பி வேலியாக இராது, அமரத்தக்க உயரமும் அகலமுமுள்ள அரைச்சுவராக இருப்பின் செலவின்றி நூறு இருக்கைகள் கிடைக்கும். முற்றத்து வேம்பையும் இலுப்பையையும் வெட்டிச் சீமெந்து பரப்பும் வழக்கம் ஒழியவேண்டும்.

மூன்றாவது, வருவதற்குச் சிறு காரணங்கள் இருத்தல் வேண்டும். மலிவான தேநீர், மும்மொழிப் பத்திரிகைகள், கரம் பலகை, அறிவித்தற் பலகை, குடிநீர், கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் வசதி என்பன போதும். கைத்தொலைபேசி மாணவரைப் பிரித்துவிட்டது என்று வருந்துவோர், அதற்கு மின்னூட்ட வந்தவர் இருவர் ஒரே வாங்கில் அமர நேர்வதையும் எண்ணிப்பார்க்கலாம். நான்காவது, பெண்களின் தேவை பின்னர் சேர்க்கும் அறையாக அல்லாது தொடக்கத்திலேயே கருத்தில் இருக்கவேண்டும். ஒரே வாயிலும், வாயிலில் ஒரு கூட்டமும் உள்ள கட்டடத்துள் நுழையப் பலர் தயங்குவர். பல வாயில்கள், மாலையில் நல்ல வெளிச்சம், தூய கழிப்பறை, கடைசிப் பேருந்தின் நேரம் தெரியும் பலகை ஆகியவை எந்தச் சொற்பொழிவையும்விட அவர்களை வரவேற்கும். மாற்றுத்திறனாளிகள் படியின்றி நுழைய வழியும் வேண்டும். போரினால் அவயவம் இழந்தோர் பலர் வாழும் பிரதேசத்திலே இதனைத் தனியே வற்புறுத்த வேண்டியதில்லை.

ஐந்தாவதும் முக்கியமானதும் நிருவாகம் பற்றியது. எந்த மேசையும் எந்த அணிக்கும் உரியதன்று என்பது வெளிப்படையான விதியாகவேண்டும். பராமரிக்கும் குழுவிலே ஒன்றியத்தினர் மாத்திரமன்றி, ஒவ்வொரு பீடத்தினரும், முதலாம் வருட மாணவரும், பெண்களும், சிற்றுண்டிச்சாலை ஊழியரும் இடம்பெறவேண்டும். ஆண்டுக்கொருமுறை, எந்த மூலை பயன்படுகின்றது, யார் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று அக்குழு ஆராயவேண்டும். வருவோரின் தொகையை எண்ணுவதைக் காட்டிலும் வராதோரை அறிதலே பயனுடையது. விரிவுரையாளரும் தமது அறைகளைவிட்டு வந்து அங்கே தேநீர் அருந்துவாராயின், விரிவுரையில் முடியாத விவாதங்கள் சில அங்கு முடிவுறும். சில தொடங்கவும் கூடும்.

இவற்றுக்கு எதிராகக் கூறப்படுவன உள. பெற்றோர் அனுப்பியது படிப்பதற்கு, கூடியிருந்து பொழுதுபோக்குவதற்கன்று என்பர். யாழ்ப்பாணத்துக் கல்வி மரபு இதனை வலியுறுத்தி வந்துள்ளது. தனியார் கல்வி நிலையங்களின் நெருக்கமான வாங்குகளில் அருகருகே அமர்ந்து, ஒருவர் பெயரை மற்றவர் அறியாமலே பரீட்சைக்கு ஆயத்தமாகும் தலைமுறைகளை அது உருவாக்கியுள்ளது. அவ்வாறு வந்த மாணவருக்கு, போட்டியாளரல்லாத ஒருவரோடு பேசிப் பழகும் முதல் வாய்ப்பு பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கின்றது. அதனை வீண்பொழுதென விலக்கின், பட்டதாரிகளைப் பெறலாம். ஒரு சமூகத்தின் குறைகளைச் சேர்ந்து சிந்திக்கவல்லோரைப் பெறுதல் அரிது. கூட்டமாக இருக்கவிட்டால் குழப்பம் விளையும் என்று அஞ்சுவோரும் உளர். ஒருவரையொருவர் அறியாத கூட்டமே விரைவில் குழப்பமடைகின்றது என்பதே அவர்க்கு விடை.

சமஆசனம் என்ற சொல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே பிள்ளைகள் அமரும் வாங்கைப் பற்றி எழுந்தது. வாங்கின் உயரத்தைச் சமமாக்குவதோடு அதன் பொருள் முடிந்துவிடவில்லை. யாரும் யாரருகிலும், முன்னனுமதி பெறாது, அச்சமின்றி, வெறுமனே அமர்ந்திருக்கக்கூடிய ஓரிடத்தை ஒரு பல்கலைக்கழகம் தன் நடுவிலே பேணுமாயின், அச்சொல்லின் பொருள் அங்கே விரிவடையும். மாணவர் நிலையத்துக்கான வரைபடத்தை அடுத்தமுறை விரித்துவைக்கும்போது, மண்டபத்திலே எத்தனை பேர் கொள்வர் என்ற வினாவோடு, முதல்நாள் வந்த மாணவி ஒருத்தி அங்கே தனியே எங்கு அமர்வாள் என்ற வினாவையும் நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.